பெரியக்காவின் ஜரிகைத் தூண்டில்

பெரியக்காவுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பிதான். ஆனால் அந்தக் கடைத்தெருவில் பாதிப் பேருக்கு, அவளைவிட வயதில் மூத்த கறிக்கடைக்காரர் உட்பட, அவள் பெரியக்காதான். புதிதாக வந்த ஒருவர் மரியாதையாக இருக்கட்டும் என்று “என்னங்க” என்று கூப்பிட்டுப் பார்த்தார். “நான் என்ன உங்க வீட்டுக்காரரா?” என்று கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து அவரும் பெரியக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

அக்காவும் தம்பியுமாக நடத்துவது தூண்டில் கடை. முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் முள்ளும் ஈயக் குண்டும் ரீலும் இருக்கும். பின்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை. கடையின் உயிர் அதில்தான். கேட்பவர்களின் உயரத்துக்கும் கைக்கும் தக்கபடி அங்கே தூண்டில் கோல் கட்டித் தருவார்கள். தூண்டில் நரம்பு ஓடுவதற்கான வளையங்களை ஒவ்வொன்றாகக் கோலின் மேல் வைத்து, நூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே பிசின் பூசி உலர்த்த வேண்டும். அதற்கு முன் அது கோல் அல்ல, வெறும் குச்சி. பிடியை ஒட்டுவது, வளையத்துக்கு அளவு எடுப்பது, வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் தம்பி. நூல் சுற்றுவது அக்கா.

இளவயதில் அவள் மின்விசிறி ஆலையில் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். ஆலையை மூடினார்கள். வேலை போன கோபத்தில் அவள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தபோது, மீன்பிடிப் பைத்தியமான தம்பி, வளையம் பிய்ந்த தூண்டில் ஒன்றோடு வந்து நின்றான். தையல் நூலை எடுத்து அதைச் சுற்றி, மேலே நெயில் பாலிஷ் பூசிக் கொடுத்தாள். அந்தக் கட்டு கோலைவிட அதிக நாள் உழைத்தது. அவன் சிநேகிதர்கள் ஆளுக்கொரு கோலோடு வந்தார்கள், பிறகு அவர்களுடைய சிநேகிதர்கள் வந்தார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் கடை. “எங்க அக்கா சுத்தினா யானை இழுத்தாலும் வராது” என்று தம்பி சொல்வான். யானையை யாரும் கொண்டு வரவில்லை என்பதால் அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது.

பிறகு கையில் நடுக்கம் வந்தது. ஒரே நாளில் வரவில்லை, மெல்ல மெல்ல வந்தது. முதலில் காபி டம்ளரில் தெரிந்தது, அப்புறம் ஊசியில் நூல் கோர்க்கும்போது. ஆபத்தான வியாதி ஒன்றுமில்லை, சில குடும்பங்களில் வருவதுதான் என்றார் டாக்டர். கை சும்மா இருந்தால் அடங்கியிருக்கும், வேலை செய்தால் கூடும், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் கூடும் என்றார். “சும்மா இருக்கும்போது கை எப்படி இருந்தா எனக்கென்ன டாக்டர்?” என்று கேட்டாள் பெரியக்கா. அவர் மாத்திரை எழுதித் தந்தார். அதைப் போட்டால் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, தூக்கம் நிறைய வந்தது. மாத்திரையைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள்.

தம்பி நல்லவன். அதுதான் பிரச்சினையே. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்திருப்பாள்.

“எவ்வளவு நாள்தான் குனிஞ்சே உக்காந்திருப்ப? முன்னாடி வந்து கல்லாவுல உக்காருக்கா. நாலு மனுஷங்களைப் பாக்கலாம்” என்றான்.

“நான் எப்ப உன்கிட்ட மனுஷங்களைப் பாக்கணும்னு அழுதேன்?”

“இல்லக்கா, உன் நல்லதுக்குத்தான்...”

அந்த ‘நல்லதுக்குத்தான்’ அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அந்த வாரம்தான் அவள் சுற்றிய ஒரு கட்டில் இரண்டு வரிசை ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போயிருந்தது. அதைத் தம்பி சத்தமில்லாமல் பிரித்துவிட்டுத் திரும்பச் சுற்றியதை அவள் பார்த்திருந்தாள். அதனால் போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள். முள் பொட்டலத்தை நீட்டும்போது கை ஆடும். வாங்குபவர் கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், பிறகு அவசரமாக வேறெங்கோ பார்ப்பார். கொஞ்ச நாளில் அவள் கைகளை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளப் பழகினாள். சண்டை போடுவதும் குறைந்தது. தெருவில் எல்லோரும் பெரியக்கா இப்போது ரொம்ப அமைதியாகிவிட்டாள் என்று பாராட்டினார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்கலாம் போலிருந்தது. கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கறிக்கடைக்காரர் ஒரு தூண்டிலுக்குச் சொன்னார். அவருக்கு ஒரு மச்சான், மனைவியின் தம்பி. விடுமுறை வந்தால் இருவரும் ஒரே படகில் மீன் பிடிக்கப் போவார்கள். மச்சான் பெரிய மீனாகப் பிடிப்பதோடு நிற்காமல், இவருடைய கோலைப் பார்த்து ஒட்டடைக் குச்சி என்று வேறு சொல்லிவிட்டான்.

“மீனு அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல கோலைப் பாத்து அவன் கண்ணு கூசணும். தங்கமாட்டம் மின்னணும்” என்றார்.

மின்னுவதற்கென்றே ஒரு நூல் உண்டு. மெல்லிய வெள்ளை இழையின் மேல் பளபளக்கும் தகட்டு நாடாவைச் சுற்றிச் செய்தது. பெட்டியின் மேல் அதற்கு என்னென்னவோ பெயர் போட்டிருக்கும். கடையில் அதற்கு ஜரிகை என்றே பெயர். எல்லோரும் அதைக் கட்டின் ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி இரண்டு சுற்று சுற்றிவிட்டு விட்டுவிடுவார்கள். கறிக்கடைக்காரருக்கு அது போதவில்லை. பிடிக்கு மேலே முழங்கை நீளத்துக்கு முழு ஜரிகை வேண்டும், எல்லா வளையத்தின் மேலும் வேண்டும் என்றார். தம்பி வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டான்.

பின்னறையிலிருந்து ‘பட்’ என்று சத்தம் வந்தது. கல்லாவில் இருந்த பெரியக்காவுக்கு அது என்ன என்று தெரியும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘பட்’. அதற்கப்புறம் வந்த சத்தத்தோடு, அக்கா காதில் விழும்படி அவன் எப்போதும் சொல்லாத ஒரு வார்த்தையும் வந்தது. தம்பியின் கை கல் மாதிரி நிற்கும் கை. இறுக்கிப் பிடித்தால் வழக்கமாகச் சுற்றும் நைலான் நூல் இம்மியும் நகராது. ஜரிகையோ ஒவ்வொரு முறையும் பாதி வழியில் அறுந்தது. அறாத இடத்தில் தகடு உரிந்து, உள்ளிருக்கும் வெள்ளை இழை பல்லைக் காட்டியது.

அடுத்த நாள் கறிக்கடைக்காரர் வந்தபோது தம்பி தலையைச் சொறிந்தான். “அண்ணே, தங்கக் கலர் நைலான்ல போட்டுத் தந்துடறேன்.”

“தங்கம் வேற, தங்கக் கலர் வேற தம்பி.”

“இதுவும் தங்கம் இல்லண்ணே.”

“அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். என் மச்சானுக்குத் தெரியாதுல்ல?”

“நான் கட்டித் தரேன்” என்றாள் பெரியக்கா.

அவளே எதிர்பார்க்கவில்லை, வாய் முந்திக்கொண்டது. கறிக்கடைக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். தம்பி கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“அக்கா, என்னாலயே முடியல.”

“உன்னால முடியலன்னா யாராலயும் முடியாதா? நல்லாக் கேட்டுக்கோ. இதை நான் முடிச்சுட்டா அந்த மேசை என்னுது. இனிமே ‘உன் நல்லதுக்கு’ன்னு யாரும் என்கிட்ட வரக் கூடாது. முடிக்கலன்னா, கல்லாவுலயே உக்காந்துக்கறேன். அதுக்கப்புறம் மேசையைப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்.”

“நீயா? வாயையா?” என்றான் தம்பி. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தலையாட்டினான்.

பேசிவிட்டாளே தவிர, மேசைக்கு முன் உட்கார்ந்ததும்தான் வேலையின் கஷ்டம் தெரிந்தது. கோலை இரண்டு மரக் கவைகளின் மேல் படுக்க வைத்து, இரு கைகளாலும் தன் பக்கமாக உருட்ட வேண்டும். எதிரே தடிமனான பழைய டெலிபோன் டைரக்டரியின் பக்கங்களுக்கு நடுவிலிருந்து நூல் இறுக்கமாக வரும். கை நடுங்கினால் கோல் விட்டுவிட்டு உருளும், நூல் வெட்டி இழுபடும். நைலான் கொஞ்சம் நீண்டு கொடுத்து அந்தத் தவறை மறைத்துவிடும். ஜரிகைக்கு நீளத் தெரியாது. வெட்டி இழுத்தால் அறும், அவ்வளவுதான். முதல் முறை அப்படித்தான் அறுந்தது. இரண்டாம் முறை எப்படியோ விரல் அகலத்துக்குச் சுற்றிவிட்டாள். வரிசைகளை நெருக்க வழக்கம்போல நகத்தால் ஒரு தள்ளு தள்ளினாள். தகடு மீன் செதில் மாதிரி உரிந்து வந்தது. நைலானில் பல வருஷமாகப் பழகிய நகம், அது கேட்காமலே வேலை செய்துவிட்டது. அந்த விரலை அவள் திட்டிய திட்டு முன்னறை வரை கேட்டது.

வீட்டுக்குப் போனாள். அவளுடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். “விட்டுடேன்” என்றார். வீட்டில் அன்று அதுதான் கடைசிப் பேச்சு.

வழி மறுநாள் கல்லாவில்தான் பிறந்தது. கறிக்கடைக்காரர் கோல் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க வந்தவர், சும்மா போகாமல் சுவரில் சாய்த்திருந்த ஒரு தடித்த கோலை எடுத்து வீசிப் பார்த்தார்.

“பெரியக்கா, நம்ம கோலும் இது மாதிரி வளையாம இருக்கணும். இரும்பாட்டம்.”

“இரும்பை வச்சு மீனை அடிக்கப் போறீங்களா, பிடிக்கப் போறீங்களா?” என்றாள் அவள். தினமும் யாரிடமாவது சொல்லி அலுத்துப்போன விஷயம். “மீனு சும்மாவா வரும்? வெட்டி வெட்டி இழுக்கும். அது இழுக்குறப்பல்லாம் கோல் நுனி குனிஞ்சு குடுக்கணும். விறைச்சுக்கிட்டு நின்னா நரம்பு பட்டுனு...”

அங்கேயே நிறுத்திவிட்டாள்.

“பட்டுனு?” என்றார் அவர்.

பெரியக்கா எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள். கையில் கோலோடு நின்ற கறிக்கடைக்காரர், தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று பயந்து, கோலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே நழுவினார்.

வெட்டி வெட்டி இழுப்பது தன் கைதான். அறுந்துபோவது ஜரிகை. நடுவில் குனிந்து கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த டைரக்டரி கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பின்னறையின் மூலையில், ஒடிந்துபோய் உரிமையாளர்கள் விட்டுவிட்டுப் போன கோல்கள் ஒரு கட்டு கிடந்தன. அவற்றைக் கொட்டிப் பரப்பி, எல்லாவற்றிலும் மெல்லிய நுனி ஒன்றை எடுத்தாள். அதன் முனையில் குட்டி வளையம் அப்படியே இருந்தது. அதை மேசையின் எதிர் ஓரத்தில் செங்குத்தாக நிற்க வைத்து இறுக்கினாள். ஜரிகை உருளை முறுக்கிக்கொள்ளாமல் உருண்டு வர, அதை ஒரு பின்னல் ஊசியில் கோர்த்துப் படுக்க வைத்தாள். டைரக்டரியை மூடித் தரையில் போட்டாள். உருளையிலிருந்து நுனி வளையம், நுனியிலிருந்து கோல். பிறகு கோலை உருட்டினாள்.

கை நடுங்கியது. நுனி குனிந்தது. கை தளர்ந்தது. நுனி நிமிர்ந்தது. சின்ன மீன் இரையைக் கொத்திப் பார்ப்பது போல நுனி தலையாட்டிக்கொண்டே இருந்தது. ஜரிகையோ எந்தக் கவலையும் இல்லாமல் ஒரே சீராக வந்து, வரிசைக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுத்தது. ஜன்னல் வெயில் அதன் மேல் விழுந்தது. பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடாமல் உருட்டினாள். கட்டு விரல் அகலம் தாண்டியது, உள்ளங்கை அகலம் தாண்டியது. அறவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தம்பியின் திடமான கையால் இது ஆகாமல் போனதற்குக் காரணமே அந்தத் திடம்தான். இந்த நூலுக்கு வேண்டியது இறுக்கமே இல்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தம்பி ஓடி வந்து பார்த்துவிட்டு, வாசல் நிலையிலேயே நின்றுவிட்டான்.

இன்னும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. சுற்றி முடித்த நூலின் வாலை மறைக்க வேண்டும். கடைசிச் சில வரிசைகளுக்கு அடியில் முன்கூட்டியே ஒரு நூல் கண்ணியை வைத்துச் சுற்றுவார்கள். வாலை அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால், கண்ணி வாலையும் இழுத்துக்கொண்டு வரிசைகளுக்கு அடியில் போய் மறுபக்கம் வரும். அங்கே பிளேடால் ஒட்ட அறுப்பார்கள். பிளேடு ஒரு நூல் அளவு தவறினால் மொத்தக் கட்டும் போச்சு. தம்பி மெதுவாகக் கிட்டே வந்தான்.

“அக்கா, பிளேடு மட்டும் நான் போடறேனே.”

“பிளேடே கிடையாது, போடா.”

பெருவிரலால் அந்தக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாலில் ஒரு இடம் பார்த்து நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தாள், தகடு உரியாமல் இருக்க. அது காய்ந்ததும் கத்தரிக்கோலை எடுத்தாள். மறுபக்கம் வந்த பிறகு கோலை ஒட்டி அறுத்தால்தானே ஆபத்து? இழுப்பதற்கு முன்பே, அந்தரத்தில் வாலைக் குட்டையாக நறுக்கிவிட்டால், இழுத்ததும் அது வரிசைகளுக்கு அடியிலேயே தங்கிவிடும். ஆனால் குட்டை கூடிப்போனால் கண்ணியிலிருந்து நழுவி, சுற்றியதெல்லாம் பிரிந்துவிடும். கத்தரிக்கோல் முனை அந்தச் சொட்டுக்கு இப்படியும் அப்படியுமாக ஆடியது. அவள் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. ஆடும் ஊஞ்சலில் ஏறுகிறவள் அது கிட்டே வரும் நேரம் பார்ப்பது போலப் பார்த்திருந்தாள். வந்தது. நறுக்கினாள்.

கண்ணியை இழுத்தாள். கண்ணி மட்டும் வெளியே வந்தது, வால் உள்ளேயே தங்கிவிட்டது. கட்டு பிரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. தம்பி பூதக்கண்ணாடியை எடுத்துவந்து தேடினான். அவனுக்கும் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வளையங்கள் கோலின் மேல் உட்காரும் கால்களை, தகடு இடறாமல் இருக்கச் சரிவாக அரத்தால் ராவினாள். ஒவ்வொன்றையும் முதலில் நைலானால் கட்டி, அதன் மேல் ஜரிகையைச் சுற்றினாள். பிடித்துக்கொள்ளும் வேலை நைலானுக்கு, மின்னும் வேலை ஜரிகைக்கு. பிசின் பூசுவது சுலபம். கோலை ஒரு சின்ன மோட்டார் மெதுவாகச் சுழற்றும், தூரிகையை அதன் மேல் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஜரிகையின் இடுக்கில் காற்றுக் குமிழி சிக்காமல் இருக்க முதல் பூச்சை மெல்லியதாகப் பூசினாள். பிசின் பட்டதும் சாதா நைலான் எப்போதும் கொஞ்சம் கறுத்துப்போகும். ஜரிகை கறுக்கவில்லை, இன்னும் பளிச்சென்று ஆனது.

கோலைச் சோதிக்காமல் கடையை விட்டு அனுப்புவதில்லை. கடைக்குப் பின்னால் உள்ள சந்தில், நரம்பின் முனையில் ஈயக் குண்டுகள் நிரம்பிய வாளியைக் கட்டினார்கள். கோலைக் கறிக்கடைக்காரர் பிடித்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர் தூக்கத் தூக்கக் கோல் வளைந்தது, வாளி தரையை விட்டுக் கிளம்பியது.

“போதும், போதும் பெரியக்கா! ஒடிஞ்சுடப் போகுது!”

“இன்னும் தூக்குங்க. பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க.”

அவர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். கோல் முழு வில்லாக வளைந்தது. தம்பி நுனியிலிருந்து பிடி வரை ஒவ்வொரு கட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான். பிசினில் கீறல் இல்லை, வளையம் அசையவில்லை, ஜரிகையில் ஒரு இழை விலகவில்லை. அவன் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “ஒண்ணும் ஆகலக்கா. ஒண்ணுமே ஆகல” என்றான்.

பெரியக்கா கோலை வாங்கி வெயிலில் உயர்த்திப் பிடித்தாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் கை வழக்கத்தைவிட அதிகமாகவே நடுங்கியது. அந்த நடுக்கத்தில் வெயில் பிடியிலிருந்து நுனி வரை ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தது. வேறு யார் கையில் இருந்திருந்தாலும் அந்தக் கோல் அப்படி மின்னியிருக்காது. “கீழ வச்சுடாதீங்க பெரியக்கா. கொஞ்ச நேரம் அப்படியே பிடிங்க” என்றார் கறிக்கடைக்காரர். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் சாயங்காலம் வரை கூடப் பிடித்திருப்பாள்.

கோல் போன பிறகு தம்பி பின்னறைக்கு வந்து, எதிர் ஓரத்தில் நின்ற நுனியை விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு, “அந்த நுனி மாதிரி எனக்கும் ஒண்ணு நிறுத்திக் குடுக்கா” என்றான்.

“உனக்கெதுக்கு? உன் கைதான் கல்லு மாதிரி நிக்குதே.”

“அதனாலதான் கேக்கறேன்.”

அவள் செய்து கொடுத்தாள். ஆனால் மேசையின் ஜன்னல் பக்கத்தைக் கொடுக்கவில்லை. கல்லாவுக்கு யார் என்ற கேள்வி வந்தபோது, யார் கிட்டே இருக்கிறார்களோ அவர்கள் என்று முடிவானது. பெரும்பாலும் தம்பிதான் கிட்டே இருந்தான்.

அடுத்த மாதம் ஓர் ஆள் வந்தார். நேராகப் பின்னறைக்கே வந்து, தான் கறிக்கடைக்காரரின் மச்சான் என்று சொன்னார். ஒரு ஜரிகைக் கோல் வேண்டும், ஆனால் தன் அத்தானுடையதைவிட மின்ன வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பார்வை மேசையில் இருந்த பெரியக்காவின் கை மேல் விழுந்தது. 

“அது... அந்தக் கோலைக் கட்டினது யாருங்க?”

பெரியக்கா இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டும் நன்றாக ஆடின.

“இந்தக் கைதான். நல்லாப் பாத்துக்குங்க. இது நடுங்கும், இனிமே நிக்காது. உங்க கோலையும் இதுதான் கட்டும். வேணுமா, வேணாமா?”

அவர் கைகளைப் பார்த்தார், ஜன்னலோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த இன்னொரு ஜரிகைக் கட்டைப் பார்த்தார்.

“வேணும் பெரியக்கா” என்றார்.

“அப்ப நேரா நில்லுங்க, அளவு எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு அவள் நாடாவை எடுத்தாள்.